பஞ்சுக்குக் கிடைத்த காவல்



நெஞ்சக நோய் மருத்துவன் ஒருவனை மேடையேற்றினால் அவன் புகையிலையைப் பற்றித்தான் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவர் இந்த அரங்கில் யாரும் இல்லை. திரையரங்கில் படம் தொடங்குமுன் வரும் எச்சரிக்கைப் படத்தை வசனத்தோடு ஒப்பிக்கக்கூடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஆகையால் புகைபிடிப்பவரை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றிப் பேசுகிறேன்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இந்தப் பக்கம் இளம்பிள்ளை, ஜலகண்டபுரம், தாரமங்கலம் என்று எந்த ஊர் விசைத்தறிப் பட்டறைக்கும் போய்ப் பாருங்கள். தறி ஓட்டுபவர் பீடி குடிப்பவராக இருப்பார். ஆனால் பட்டறைக்குள் பற்றவைக்கமாட்டார். வெளியே வந்து, மரத்தடியில் நின்று குடித்து, துண்டைக் கீழே போட்டு, காலால் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே திரும்புவார். தறியில் பாவு இருக்கிறது, மூட்டையில் நூல் இருக்கிறது, தரையெல்லாம் பஞ்சுத் தூசி. ஒரு பொறி போதும். இதற்காக யாரும் அவருக்குச் சட்டப்பிரிவு எதையும் படித்துக் காட்டவில்லை. தறிக்கு வந்த முதல் நாளே, பக்கத்துத் தறிக்காரரைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

இன்னொரு இடம். தென்னிந்தியாவில் சமையல் எரிவாயு ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரிகளுக்கு நாமக்கல்தான் தலைநகர். எரிவாயு நிரப்பும் ஆலையின் வாசலில் ஓட்டுநர் தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மணிக்கணக்கில் வரிசையில் நிற்க நேர்ந்தாலும் உள்ளே பீடி கிடையாது. இதனால் தன் சுதந்திரம் பறிபோய்விட்டதாக எந்த ஓட்டுநரும் முறையிட்டு நான் கேட்டதில்லை.

நூல் எரிந்துபோகும் என்றால் வெளியே போகிறோம். எரிவாயு வெடிக்கும் என்றால் தீப்பெட்டியையே கொடுத்துவிடுகிறோம். இவ்வளவு கட்டுப்பாடு உள்ள அதே மனிதர், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், தூளியில் குழந்தை தூங்கும் அறையிலேயே கட்டிலில் சாய்ந்து பீடி பற்றவைக்கிறார். அவரைக் கொடியவர் என்று சொல்ல நான் வரவில்லை. நூல் கண்ணெதிரே எரிகிறது. நுரையீரலும் இதயமும் கெட்டுப்போக 10, 20 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பொறி விழுந்தது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பஞ்சுக்கு நாமாகவே கொடுத்த காவலை மனித மூச்சுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் நான் இன்றைக்குக் கேட்க வந்த கேள்வி.

புறநோயாளிப் பிரிவில் நடக்கும் பேச்சு ஒன்றைச் சொல்கிறேன். இது ஒரு குறிப்பிட்ட அம்மாவின் கதை இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்து மருத்துவர்கள் எல்லாரும் வாரந்தோறும் கேட்கக்கூடிய பேச்சு.

“பீடி, சிகரெட் பழக்கம் உண்டாம்மா?”

“ஐயோ, எனக்கெதுக்குங்க அதெல்லாம்?”

“வீட்டுக்காரருக்கு?”

“அவருக்கு உண்டுங்க. நாளைக்கு ரெண்டு கட்டு ஆகுமுங்க.”

“எங்கே உட்கார்ந்து குடிப்பார்?”

“கட்டில்லதானுங்க. மழை பேஞ்சா வெளியில போவாருங்களா?”

மருத்துவப் பதிவேட்டில் முதல் கேள்விக்கு மட்டுமே இடம் இருக்கிறது. ‘பழக்கம் இல்லை’ என்று எழுதியதும் அந்த வரி முடிந்துவிடும். இரண்டாவது கேள்வியும் மூன்றாவது கேள்வியும் மருத்துவருக்கு நேரம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்தியாவில் 2016-17இல் நடந்த வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி ஆண்களில் 100க்கு 19 பேர் புகைபிடிக்கிறார்கள், பெண்களில் 2 பேர். அதே ஆய்வில், வீட்டுக்குள் அடுத்தவர் புகைக்கு ஆளாகிறவர்கள் 100க்கு ஏறக்குறைய 39 பேர். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘பழக்கம் இல்லை’ என்று நாங்கள் எழுதிவிட்டுப் போகும் வரிக்குக் கீழே எத்தனை பேர் மறைந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். 2009-10இல் இந்த 39 என்பது 52ஆக இருந்தது. குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

புகை என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். பீடியோ சிகரெட்டோ இரண்டு வழியில் புகையை விடுகிறது. இழுப்பவர் உள்ளே வாங்கி வெளியே ஊதும் புகை ஒன்று. இழுக்காத நேரத்தில் நுனியிலிருந்து தானாகக் கிளம்பும் புகை மற்றொன்று. சிகரெட் எரியும் அறையில் சேரும் புகையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைதான். இழுக்கும்போது காற்று வேகமாகப் போவதால் நெருப்பு கனன்று அதிகச் சூட்டில் எரிகிறது. சும்மா புகையும்போது சூடு குறைவு. அரைகுறையாக எரியும் எதிலும் நஞ்சு அதிகம். அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு, நைட்ரோசமீன் என்னும் புற்றுநோய்ப் பொருள்கள் எல்லாம் நுனிப்புகையில் கூடுதலாக இருக்கின்றன. மேலும், சிகரெட் இழுப்பவருக்கு ஃபில்டர் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்குபவை.

பழைய டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த என் வயதுக்காரர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஆபரேட்டர் அறையின் சின்னச் சதுரத்திலிருந்து கிளம்பி, நம் தலைக்கு மேலே திரை வரைக்கும் ஒளிக்கற்றை ஒன்று போகும். அதற்குள் நீலமாகப் புகை சுழன்றுகொண்டிருக்கும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரிந்ததே, அதில் தூசியும் பீடிப்புகையும் இருந்ததால்தான். டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படநிறுவனத்தை நடத்திய சேலத்துக்காரர்களான நமக்குச் சினிமா என்றால் அந்த நீல ஒளியும் சேர்ந்ததுதான். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த சிறுவர்கள் எல்லாரும் மூன்று மணி நேரம் அதைத்தான் சுவாசித்தோம். அந்தப் புகைத் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. பஞ்சாலைத் தூசியில் பெருந்துகள்களை மூக்கு ஓரளவு பிடித்து நிறுத்திவிடும். இவை நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய்விடும்.

இது நோயாக மாறுகிறது என்பதற்கு என்ன சான்று? 1981 ஜனவரியில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் தோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த தக்கேஷி ஹிரயாமா. ஜப்பானில் 29 சுகாதார வட்டங்களில், 40 வயதைத் தாண்டிய, தாங்கள் புகைபிடிக்காத 91,540 மனைவிமாரை 1966 முதல் 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவர் புகைபிடிக்காத பெண்களோடு ஒப்பிட்டால், கணவர் நாளொன்றுக்கு 20 சிகரெட்டும் அதற்கு மேலும் பிடித்த பெண்கள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கணவர் குறைவாகப் பிடித்தால் மனைவிக்கு ஆபத்தும் குறைந்தது. கூடுதலாகப் பிடித்தால் கூடியது. விவசாயக் குடும்பங்களில் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நான் மாணவர்களுக்கு இந்தக் கட்டுரையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்துவேன். ஹிரயாமா ஆராய்ந்தது நகரத்து நாகரிகத்தை மட்டும் இல்லை. ஒரே கூரையின் கீழ் சமைத்து, உண்டு, உறங்கி, வயலுக்குப் போய்வரும் குடும்பங்களையும்தான். ராசிபுரத்துக்கும் பரமத்தி வேலூருக்கும் மிகவும் நெருங்கிய ஆராய்ச்சி அது. அதே 1981இல் ஏதென்ஸில் திரிக்கோப்பூலோஸ் என்பவரும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார்.

சிகரெட் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. ஹிரயாமாவின் கணக்கு தவறு என்று பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நீதிமன்ற வழக்குகளால் அந்தக் கம்பெனிகளின் உள்ளறைக் காகிதங்கள் வெளியே வந்தன. ஹிரயாமா சொன்னதுதான் சரி என்று அவர்களுக்கு ஆலோசனை சொன்ன விஞ்ஞானிகளே கருதியது அவற்றிலிருந்து தெரிந்தது. பிலிப் மாரிஸ் நிறுவனம் 1980களில் ஜெர்மனியில் இருந்த தன் ஆய்வகத்தில் எலிகளை வைத்துச் சோதனை செய்திருந்தது. எடைக்கு எடை பார்த்தால், இழுக்கும் புகையைவிட நுனிப்புகை ஏறக்குறைய நான்கு மடங்கு நச்சுடையது என்பது அந்தச் சோதனைகளின் முடிவு. அதை அவர்கள் வெளியிடவில்லை. வெளியே இருந்த ஆய்வாளர்கள் அந்தக் காகிதங்களைத் தோண்டியெடுத்து எழுதியது 2005இல். விற்றவனுக்குத் தெரிந்திருந்தது, வாங்கியவனுக்குத் தெரியவில்லை. வாங்கியவனுக்காவது சம்மதம் என்று ஒன்று உண்டு. பக்கத்தில் இருந்தவளை யாரும் கேட்கவே இல்லை.

2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தச் சான்றுகளையெல்லாம் எடைபோட்டு, அடுத்தவர் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் சேர்த்தது. 2012இல் டீசல் புகையும் அதே முதல் வகையில் சேர்ந்தது. ‘ரோட்டுப் புகையை விடவா எங்க பீடிப் புகை பெருசு?’ என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில் இதுதான்: கேபினுக்குள் இப்போது இரண்டும் இருக்கின்றன.

புற்றுநோயைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. ஆனால் உண்மையில் அதிகம் பேரைக் கொல்வது அது இல்லை. 2011இல் ‘லான்செட்’ இதழில் வந்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2004ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் அடுத்தவர் புகையால் 6,03,000 பேர் இறந்தார்கள் என்று அது மதிப்பிட்டது. அதில் நுரையீரல் புற்றுநோய் 21,400. ஆஸ்துமா 36,900. நிமோனியா போன்ற மூச்சுக்குழாய்த் தொற்றுகள் 1,65,000. மாரடைப்பு வகை இதயநோய் 3,79,000. இறந்தவர்களில் 100க்கு 47 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். நாம் புற்றுநோயைக் காட்டியே பயமுறுத்திக்கொண்டிருக்கிறோம். சாவு இதயத்தின் வழியாகவும் குழந்தையின் நெஞ்சுச்சளி வழியாகவும் வந்துபோகிறது. எச்சரிக்கைப் படங்களில் ஓட்டை விழுந்த கன்னத்தைப் பார்த்த மனைவி, தனக்கு வரும் மூச்சுத்திணறலுக்கும் கணவரின் பீடிக்கும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

இதயம் ஏன் இவ்வளவு எளிதாகச் சிக்குகிறது? அடுத்தவர் புகையைச் சுவாசிப்பவருக்குப் போய்ச் சேரும் அளவு, இழுப்பவருக்குப் போவதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஆபத்தும் நூற்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. புகைபிடிக்காதவருக்கு இதயநோய் வரும் வாய்ப்பை அடுத்தவர் புகை 25 முதல் 30 விழுக்காடு கூட்டிவிடுகிறது. ரத்தத்தில் உறைதலுக்குக் காரணமான தட்டணுக்களும் ரத்தக்குழாயின் உள்சுவரும் மிகச் சிறிய அளவுப் புகைக்கே முழுவேகத்தில் எதிர்வினை காட்டுகின்றன. அதற்கு மேல் புகை கூடினாலும் கெடுதி அந்த விகிதத்தில் கூடுவதில்லை. கெடுவதில் பெரும்பங்கு தொடக்கத்திலேயே கெட்டுவிடுகிறது. 2001இல் ஜப்பானில் நல்ல ஆரோக்கியமான, புகைபிடிக்காத இளைஞர்களை 30 நிமிடம் புகை நிறைந்த அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். தேவைப்படும் நேரத்தில் ரத்த ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ளும் திறன் அவர்களுடைய இதயக் குழாய்களில் குறைந்து, தினமும் புகைபிடிப்பவரின் அளவுக்கு இறங்கிவிட்டது. ‘கொஞ்சம்தானே’ என்ற சமாதானம் இந்த நோயிடம் செல்லாது.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா என்று ஓர் ஊர். 2002இல் ஆறு மாதம் மட்டும் அங்கே பணியிடங்களிலும் பொது இடங்களிலும் புகைக்குத் தடை இருந்தது. பிறகு நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்துவிட்டது. மற்ற ஆண்டுகளில் அதே ஆறு மாதங்களில் சராசரியாக 40 பேர் மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். தடை இருந்த ஆறு மாதங்களில் வந்தவர்கள் 24 பேர். தடை போனதும் கணக்கு பழையபடி ஏறிவிட்டது. சிறிய ஊர், சிறிய எண்ணிக்கை. எனவே அப்படியே நம்பிவிடக் கூடாது என்று அப்போதே பலர் சொன்னார்கள். சொன்னது சரிதான். பின்னால் பெரிய நாடுகளில் செய்த ஆய்வுகளில் மாரடைப்பு இந்த அளவுக்குக் குறையவில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் குறைந்தது.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தை ஒரு நிமிடத்தில் நம்மைவிட அதிக முறை மூச்சு விடுகிறது. அதன் மூச்சுக்குழாய் குறுகலானது. அந்த அறையைவிட்டு எழுந்து போக அதற்குக் கால் இல்லை. புகை உள்ள வீட்டுக் குழந்தைக்கு நெஞ்சுச்சளி, நிமோனியா, ஆஸ்துமா, நடுக்காதில் நீர் கோத்தல் எல்லாம் கூடுதல். தொட்டிலிலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது. கர்ப்பிணியின் பக்கத்தில் பிடித்தால் பிறக்கும் குழந்தையின் எடை குறைகிறது. ‘பிள்ளைக்கு மாசம் தவறாம சளி புடிக்குதுங்க’ என்று தூக்கிக்கொண்டு வருகிற அப்பாவின் சட்டைப்பையில் பீடிக்கட்டு எட்டிப் பார்க்கும்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு உண்டு. நம் பெண்களின் நுரையீரலைக் கெடுத்தது விறகடுப்புதானே, பீடி மேல் ஏன் பழி என்று கேட்கலாம். விறகுப்புகை பெரிய குற்றவாளிதான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் சமையல் நேரத்துப் புகையை அளந்து, அடுப்படியில் நிற்கும் பெண் எவ்வளவு நுண்துகளைச் சுவாசிக்கிறாள் என்பதை 2000த்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே காட்டியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் நோய்க்கு அடுப்பு எவ்வளவு, பீடி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எந்த மருத்துவருக்கும் கடினம். ஆனால் அடுப்புப் புகையைப் போக்க நாடே முனைந்தது. 2006க்குப் பிறகு தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. நாமக்கல் டேங்கர்கள் தென்னாட்டுச் சமையலறைகளுக்கெல்லாம் வாயுவை ஏற்றிச் சென்று, அடுப்படிப் புகையைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டன. முன்னறையில் கட்டிலிலிருந்து வரும் புகை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த டேங்கரை ஓட்டி வந்தவர் வீட்டிலும் அதுதான் நிலைமை.

காசநோயையும் இங்கே மறக்கக் கூடாது. 2003இல் சென்னையைச் சேர்ந்த வேந்தன் கஜலட்சுமியும், அவரோடு ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வு. புகைபிடிப்பவர் காசநோயால் இறப்பது, பிடிக்காதவரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று அதில் தெரிந்தது. புகை காசநோயை எழுப்புகிறது. காசநோய் இருமல் வழியாக வீட்டில் உள்ளவர்களுக்குப் போகிறது. பீடியே பிடிக்காத பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் பீடி இந்த வழியிலும் வந்து சேர்ந்துவிடும்.

சரி, சட்டம் என்ன செய்தது? அடுத்தவருக்கு வரும் கேட்டைத் தடுப்பதற்காக ஒருவரின் பழக்கத்தில் அரசு கைவைக்கலாமா என்ற விவாதம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்ற இதழ் வந்தது. கல்கி அங்கே தங்கி அதில் பணியாற்றினார். 1937 அக்டோபர் 1ஆம் நாள், சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அன்றைக்கு அதற்குள் இருந்தது. தனி மாவட்டமானது 1997இல். குடிப்பவனைவிட அவன் வீட்டாரின் துயரம்தான் அந்த இயக்கத்தை நகர்த்தியது. மதுவிலக்கு வெற்றியா தோல்வியா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கள்ளால் வீட்டாருக்கு வரும் கேடு கூலிப்பணத்தின் வழியாகவும் கைத்தடியின் வழியாகவும் வந்தது. குடித்தவன் வயிற்றில் இருந்த கள் மனைவியின் வயிற்றுக்குள் போகவில்லை. புகை போகிறது. அன்றைக்கு மதுவிலக்குக் கேட்டவர்களுக்கு இருந்த நியாயத்தைவிட, இன்றைக்கு வீட்டுக்குள் பீடி வேண்டாம் என்று கேட்கும் பெண்ணுக்கு நியாயம் கூடுதலாகவே இருக்கிறது.

1999 ஜூலை 12ஆம் நாள் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைபிடிப்பது பொதுத்தொல்லைக் குற்றம், காற்றை மாசுபடுத்துவது, வாழும் உரிமைக்கே எதிரானது என்று தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2ஆம் நாள், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் ஆகியவற்றில் தடை விதித்தது. தமிழ்நாடு 2002லேயே புகைபிடித்தலையும் எச்சில் துப்புதலையும் தடைசெய்யத் தனிச்சட்டம் இயற்றியது. 2003இல் மத்தியச் சட்டம் வந்தது. ஆனால் அது பல்லோடு நடைமுறைக்கு வந்தது 2008 அக்டோபர் 2ஆம் நாள்தான். அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் அன்புமணி ராமதாஸ். அரசியலில் அவரோடு உடன்படுகிறவர்களும் மாறுபடுகிறவர்களும் இந்த அரங்கில் இருப்பீர்கள். இந்த ஒரு காரியத்தில் அவருக்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிடுவதில் யாருக்கும் குறைவு இல்லை. பணியிடம், உணவகம், திரையரங்கு, பேருந்து நிலையம் எல்லாம் தடைக்குள் வந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு 200 ரூபாய் என்பது இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடக்கூடக் காணாது. 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகத்தில் தனி அறை வைத்துப் புகைபிடிக்க விடலாம் என்ற ஓட்டையையும் சட்டமே வைத்திருக்கிறது. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த அறையின் காற்று வெளியே வருகிறது. காற்றோட்டத்தைக் கூட்டிப் புகையின் ஆபத்தை நீக்கிவிட முடியாது என்று 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. ஃபேன் போடுவதும் ஜன்னலைத் திறப்பதும் வாடையைக் குறைக்கும். அதற்கு மேல் நம்பக் கூடாது.

இத்தனை குறை இருந்தும் சட்டம் வேலை செய்திருக்கிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சுருட்டுப் பற்றவைத்தால் எழுந்து நின்று சண்டை போடும் தைரியம் இன்றைக்குக் கல்லூரி மாணவிக்கும் இருக்கிறது. இதே பேருந்துகளில் 40 ஆண்டுகளுக்கு முன்னால் நடத்துனரே பிடித்தார். ஆனால் அந்தச் சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. நிற்கத்தான் வேண்டும். போலீஸ்காரர் கட்டிலுக்குக் கீழே பீடித்துண்டு தேடுவதை நானும் விரும்பவில்லை.

சட்டம் போகாத இடங்கள் இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று வீடு. மற்றொன்று லாரி கேபின்.

கேபினை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாமக்கல், சங்ககிரி லாரிகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் வாரக்கணக்கில் வெளிமாநிலங்களில் ஓடுகின்றன. கேபினில் ஓட்டுநர், மாற்று ஓட்டுநர், கிளீனர். கிளீனர் பெரும்பாலும் இளைஞர். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்தச் சிறிய பெட்டிக்குள்தான். வடக்கே குளிர்காலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுவார்கள். தூக்கம் வராமல் இருக்க ஓட்டுநர் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைப்பார். 2008 விதிகளில் பணியிடம் என்பது தடைக்குள் வருகிறது. கிளீனருக்கு அந்தக் கேபின் பணியிடம் இல்லை என்றால் வேறு எதுதான் பணியிடம்? ஆனால் ஓடும் லாரிக்குள் ஏறி அபராதம் போட யாரும் வரப்போவதில்லை. இது உரிமையாளர்கள் செய்ய வேண்டியது. புது வண்டிக்குப் பாடி கட்டும்போது, தூங்கும் பலகை எந்தப் பக்கம், சாமி படம் எங்கே என்று அத்தனையும் உரிமையாளர் முடிவு செய்கிறார். கேபினில் பீடி கிடையாது, வேண்டுமென்றால் தாபாவில் இறங்கிக் குடி என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு முடியாதா? லோடு எரிவாயுவாக இருந்தால் சொல்கிறாரே.

வீட்டுக்கு வருகிறேன். இங்கே வேலை செய்யக்கூடியது ஊர்க்கட்டுப்பாடுதான். கேரளத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தார் கிராமப் பெண்களோடு சேர்ந்து, ‘எங்கள் வீட்டுக்குள் புகை வேண்டாம்’ என்ற முடிவைத் தெருத்தெருவாக எடுக்கவைக்கும் முயற்சியைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு மனைவி தனியாகச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். தெருவே சேர்ந்து சொன்னால் அது ஊர் வழக்கம் ஆகிவிடும். கணவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. இதற்கு நம்மிடம் தளவாடம் தயாராகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கியது பக்கத்துத் தருமபுரியில்தான். வட்டிக்கணக்கு, கடன் தவணை, ரேஷன் அட்டை எல்லாம் பேசும் அந்த வாரக் கூட்டத்தில் இந்த ஒன்றையும் பேசலாம். வெறுமனே ‘விட்டுவிடு’ என்று கணவரிடம் கேட்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டதும் காதை மூடிக்கொள்கிறார்கள். ‘வாசலைத் தாண்டிப் போய்க் குடி’ என்று கேட்கட்டும். பட்டறையில் தினமும் செய்வதுதானே. திண்ணையில் உட்கார்ந்தால் புகை கதவு வழியாக உள்ளே வரும், தெருவுக்குப் போகட்டும். வெளியே போய்வருகிற தொல்லையிலேயே எண்ணிக்கை தானாகக் குறைவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எங்கள் தொழிலுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மருத்துவ மாணவர்களும் செவிலிய மாணவியரும் இருக்கிறீர்கள். நோயாளியின் சீட்டில் ‘பழக்கம் உண்டா’ என்பதற்குக் கீழே, ‘வீட்டில் யாருக்கு உண்டு, எங்கே உட்கார்ந்து’ என்று நீங்களாகவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அரசாணை தேவையில்லை. கர்ப்பிணிப் பெண்ணோடு மருத்துவமனை வரைக்கும் வந்து, வெளியே மரத்தடியில் நிற்கும் கணவரை உள்ளே கூப்பிட்டு, அவரிடமே கேளுங்கள். குழந்தை பிறக்கப்போகிற சமயத்தில் அவர் காது கொடுக்கிற அளவுக்கு வேறு எப்போதும் கொடுப்பதில்லை.

முழுவதும் விட வேண்டும் என்று விரும்புகிறவருக்கு, அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை எண் 1800 112 356 இருக்கிறது. 2016இல் தொடங்கியது. 2018 முதல் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டும் வருகிறார்கள். ஆனால் நம் பெட்டிக்கடைகளில் சிகரெட்டை ஒன்று இரண்டாகத்தானே உதிரியில் வாங்குகிறார்கள்; பாக்கெட் கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. அதனால்தான் அந்த எண்ணை இந்த மேடையிலேயே படித்துவிட்டேன். பக்கத்தில் இருப்பவர்களாவது குறித்துக்கொள்ளுங்கள்.